மீனுக்குக் காற்று, பாட்டிக்குத் தூக்கம்!

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோவில் தெப்பக்குளத்துக்குப் போயிருக்கிறீர்களா?

படிக்கட்டில் நின்று ஒரு பிடி பொரி போட்டால் போதும். மீன்கள் கூட்டம் கூட்டமாக வந்து மொய்க்கும்.

சித்திரை வெயிலிலும் அந்த மீன்களுக்கு யாரும் விசிறி வீசுவது இல்லை. குளம் அகலமானது. மேலே காற்று தடையில்லாமல் வீசுகிறது. மேல் தண்ணீர் சுட்டால், மீன்கள் அடித் தண்ணீருக்குப் போய் ஒதுங்கிக்கொள்ளும்.

வீட்டில் கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் மீன் எங்கே போய் ஒதுங்கும்?

மேலே மூடி. சுற்றிலும் கண்ணாடி. உள்ளே விளக்கு. தண்ணீர் சுட்டால், சுட்ட தண்ணீரிலேயே அது இருக்கவேண்டும்.

அந்த மீனைக் காப்பாற்றுவது ஒரு குட்டி மின்சார விசிறி. ஆனால் அந்த விசிறி போடும் சத்தத்தால் வீட்டில் சண்டை வந்துவிடுவது உண்டு!

சத்தம் போடாத விசிறியை எப்படிப் பார்த்து வாங்குவது? எப்படிப் பொருத்துவது? அதைப் பார்ப்போம்.

கூடத்தில் ஒரு தொட்டி

மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் ஒரு வீடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன், பாட்டி.

கூடத்தில் மீன் தொட்டி. நீளம் 3 அடி. அகலம் 1 அடி. உயரம் ஒன்றேகால் அடி. ஏறக்குறைய 100 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். உள்ளே தங்க மீன்களும், கறுப்பு மோலிகளும்.

தொட்டிக்குப் பக்கத்தில்தான் பாட்டியின் கட்டில்.

அக்கினி நட்சத்திரம் தொடங்கியது. பையன் ஒரு சின்ன விசிறியை வாங்கி வந்து, தொட்டியின் மூடியில் பொருத்தினான். உள்ளங்கை அளவு விசிறிதான். போட்டதும் "ஙொய்..." என்று வண்டு குடைவதுபோல் சத்தம்!

பகலில் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. இரவு ஊர் அடங்கியதும் தெரிந்தது.

"டேய் கண்ணா! அதை நிறுத்துடா. காதுக்குள்ளே பூச்சி புகுந்த மாதிரி இருக்கு" என்றார் பாட்டி.

"நிறுத்தினா மீன் செத்துப் போயிடும் பாட்டி."

"நான் தூங்காம செத்துப் போனா பரவாயில்லையா?"

பையன் விசிறியை நிறுத்தினான். பாட்டி தூங்கினார்.

விடியற்காலையில் பார்த்தால், மீன்கள் எல்லாம் மேலே மிதந்தபடி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஒரு மோலி அசையவே இல்லை.

பாட்டிக்கும் மனம் பொறுக்கவில்லை. "ஐயோ, என்னாலேதானே!" என்றார்.

யார்மேல் தப்பு? பாட்டிமேலும் இல்லை. பையன்மேலும் இல்லை. விசிறியைத் தேர்ந்தெடுத்த முறையில்தான் தப்பு.

வரவு குறையும், செலவு ஏறும்

மீன் தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைச் சுவாசிக்கிறது. தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதோ, அவ்வளவு அதிகமாகப் பிராணவாயு அதில் கரையும்.

25 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் 8 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாகப் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறையும். 35 டிகிரியில் 7-க்கும் கீழே இறங்கிவிடும்.

இது வரவு. செலவு என்ன ஆகிறது?

தண்ணீர் சுடச்சுட மீனின் உடம்பு வேகமாக இயங்குகிறது. 10 டிகிரி சூடு ஏறினால், மீனுக்குத் தேவையான பிராணவாயு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது.

வரவு குறைந்து செலவு ஏறினால் குடும்பம் என்ன ஆகும்? மீனுக்கும் அந்தக் கதிதான்.

சரி, விடியற்காலையில் ஏன் மீன்கள் தவித்தன? வெயில் அடிப்பது பகலில்தானே?

பகலில் வெளிச்சம் இருக்கும்போது, தொட்டியில் உள்ள செடிகள் பிராணவாயுவை வெளியே விடுகின்றன. விளக்கு அணைந்த பிறகு செடிகளும் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளத் தொடங்குகின்றன. இரவு முழுவதும் செலவு மட்டும்தான். பொழுது விடியும் நேரத்தில் கையிருப்பு மிகவும் குறைந்துவிடும்.

பகலில் ஏறிய சூடும் உடனே இறங்காது. காற்றைவிடத் தண்ணீர் மெதுவாகத்தான் ஆறும். அதிலும் சென்னையில் கோடை இரவே புழுக்கமானது.

ஆகவே, விசிறியை இரவில் நிறுத்துவது மீனுக்கு ஆபத்து. விசிறி இரவிலும் ஓடவேண்டும். பாட்டியும் தூங்கவேண்டும். இரண்டும் நடக்க வழி உண்டு.

எந்த மீனுக்கு எவ்வளவு சூடு?

எல்லா மீனும் ஒன்று அல்ல.

தங்க மீன் குளிர்ச்சியை விரும்புவது. 18 முதல் 24 டிகிரி வரை அதற்குச் சுகம். கப்பி, மோலி, சண்டை மீன் ஆகியவற்றுக்கு 24 முதல் 28 டிகிரி வரை ஏற்றது. டிஸ்கஸ் என்னும் வட்டத் தட்டுப் போன்ற மீன் 28 முதல் 30 டிகிரியில் நன்றாக வாழும்.

கடல் தண்ணீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். சூடு ஏறினால் பவளம் வெளுத்துப் போகும். கடலிலேயே இது நடந்திருக்கிறது. 2016-ம் ஆண்டில் கடல் சூடானதால் மன்னார் வளைகுடாப் பவளப் பாறைகள் வெளுத்தன.

சென்னை வெயிலோ சாமானியமானது அல்ல. 2003-ம் ஆண்டு மே 31-ந் தேதி சென்னையில் 45 டிகிரி பதிவாயிற்று. பாரன்ஹீட் கணக்கில் அது 113 டிகிரி!

இப்படிப்பட்ட நாட்களில், மூடி போட்ட தொட்டியில் தண்ணீர் 33, 34 டிகிரிக்கு ஏறுவது எளிது.

மண் பானைதான் குரு

விசிறி எப்படித் தண்ணீரைக் குளிர வைக்கிறது? "விசிறி குளிர்ந்த காற்றை ஊதுகிறது" என்று பலர் நினைக்கிறார்கள். அது சரி அல்ல. அறையில் உள்ள அதே சூடான காற்றைத்தான் அது ஊதுகிறது.

விடை சமையல் அறை மூலையில் இருக்கிறது. மண் பானையைப் பாருங்கள்.

பானையின் நுண்ணிய துளைகள் வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது பானைத் தண்ணீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. உள்ளே தண்ணீர் சில்லென்று ஆகிறது. வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்தால் அறை குளிர்வதும் இப்படித்தான்.

மீன் தொட்டியிலும் இதே வேலைதான் நடக்கிறது. தண்ணீரின் மேல் நிற்கும் ஈரக் காற்றை விசிறி தள்ளிவிடுகிறது. அந்த இடத்துக்குக் காய்ந்த காற்று வருகிறது. தண்ணீர் வேகமாக ஆவியாகிறது. சூடு இறங்குகிறது.

இதில் ஒரு வியப்பான கணக்கு உண்டு. 100 லிட்டர் தண்ணீரில் ஒரே ஒரு லிட்டர் ஆவியானால், மீதித் தண்ணீரின் சூட்டை ஏறக்குறைய 6 டிகிரி இறக்கக்கூடிய அளவு வெப்பம் வெளியே போகிறது! அதே நேரத்தில் அறையின் சூடு தண்ணீருக்குள் வந்துகொண்டே இருக்கும். அதனால் முழு 6 டிகிரியும் இறங்காது.

நல்ல விசிறி வைத்தால் 2 முதல் 4 டிகிரி வரை இறங்கும். 33 டிகிரி 30 ஆகும். மோலிக்கு உயிர் பிழைக்க அது போதும். தங்க மீனுக்குத் தவிப்பு குறையும்.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. தண்ணீரைக் குளிர வைப்பது ஆவியாதல்தான். விசிறியின் வேலை, ஈரக் காற்றை நகர்த்துவது மட்டுமே. அதற்குப் புயல்காற்று வேண்டாம். மெல்லிய காற்று இடைவிடாமல் வந்தால் போதும்.

ஆகவே வேகமான விசிறி தேவை இல்லை. வேகம் இல்லாவிட்டால் சத்தமும் இல்லை!

கொடியில் காயும் துணி

விசிறி எல்லா நாளும் ஒரே மாதிரி வேலை செய்யாது. காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால், தண்ணீர் மெதுவாகத்தான் ஆவியாகும்.

மயிலாப்பூரும் அடையாறும் கடலை ஒட்டிய இடங்கள். பகலில் கடல்காற்று வந்ததும் வெயில் தணியும். ஆனால் பிசுபிசுப்பு ஏறும். மேற்குக் காற்று அடிக்கும் நாளில் வெயில் கொளுத்தும், காற்று காய்ந்திருக்கும்.

விசிறி இன்று நன்றாக வேலை செய்யுமா என்று அறிய, கருவி ஒன்றும் வேண்டாம். மொட்டை மாடிக் கொடியைப் பாருங்கள். ஈரத் துணி சீக்கிரம் காய்ந்தால், விசிறியும் நன்றாக வேலை செய்யும். துணி காயாமல் நமுத்துக் கிடந்தால், விசிறியாலும் அதிகம் ஆகாது.

பெரிய விசிறி, சின்னச் சத்தம்

மீன் தொட்டிக்கு ஏற்ற விசிறி எது? கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சுழலும் விசிறிதான். அது 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும். 80 மில்லிமீட்டர், 120 மில்லிமீட்டர், 140 மில்லிமீட்டர் என்று பல அளவுகளில் கிடைக்கிறது.

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனால், இந்த விசிறிகளைக் கடை கடையாகப் பார்க்கலாம். சில நூறு ரூபாயில் நல்ல விசிறி வாங்கலாம்.

பையன் செய்த முதல் தப்பு என்ன? "சின்னத் தொட்டிக்குச் சின்ன விசிறி" என்று நினைத்தான்.

உண்மை நேர்மாறானது. 80 மில்லிமீட்டர் விசிறி தள்ளும் அதே அளவு காற்றைத் தள்ள, 120 மில்லிமீட்டர் விசிறி மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் சுழன்றால் போதும்.

வேகம் குறைந்தால் சத்தம் எவ்வளவு குறையும் தெரியுமா? ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால், சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே, நம் காதுக்குச் சத்தம் பாதி ஆகிவிட்டதுபோல் தோன்றும்.

டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அளவு. சாதாரணப் பேச்சு 60 டெசிபல். ரகசியம் பேசுவது 30 டெசிபல். குடியிருப்புப் பகுதியில் இரவில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கூறுகின்றன. படுக்கும் இடத்தில் வைக்கும் விசிறி 25 டெசிபலுக்குள் இருப்பது நல்லது.

விசிறி வந்த அட்டைப்பெட்டியில் இந்த எண் அச்சாகியிருக்கும். அதோடு, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்றும் போட்டிருப்பார்கள். 800 முதல் 1,200 சுற்று வரை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். 2,500, 3,000 சுற்று என்று போட்டிருந்தால், "வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

வாங்கும்போது காதைக் கொடுங்கள்

ரிச்சி தெருவின் சந்தடியில் விசிறியின் சத்தம் காதில் விழாது. கடைக்காரரிடம் சொல்லி விசிறியை ஓடவிட்டு, காதருகே வைத்துக் கேளுங்கள்.

"உஸ்" என்று வரும் காற்றுச் சத்தம் கெடுதல் இல்லை. கொஞ்ச நேரத்தில் காது அதை மறந்துவிடும். "டிக் டிக்", "கிர் கிர்", "ஙொய்" என்ற சத்தங்கள்தான் தூக்கத்தைக் கெடுப்பவை.

அடுத்து, விசிறியைக் கவிழ்த்துப் பிடித்துக் கேளுங்கள். தொட்டியின் மூடியில் விசிறி தண்ணீரைப் பார்த்துப் படுத்திருக்கும். நிமிர்த்திப் பிடித்தால் அமைதியாக ஓடும் சில விசிறிகள், கவிழ்த்ததும் முனகத் தொடங்கும்.

அதற்குக் காரணம், நடுவில் உள்ள அச்சு. விசிறிகளில் மூன்று வகை உண்டு.

புஷ் வைத்தது முதல் வகை. விலை மலிவு. புதிதில் சத்தம் இருக்காது. ஆனால் சூட்டிலும், படுத்த நிலையிலும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

பால் பேரிங் வைத்தது இரண்டாம் வகை. நீண்ட நாள் உழைக்கும். நாளாக ஆக லேசான உறுமல் வரும்.

அச்சு மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் சுழல்வது மூன்றாம் வகை. சத்தம் மிகக் குறைவு. உழைப்பும் அதிகம். விலை கொஞ்சம் கூடுதல். படுக்கை அருகே வைப்பதானால் இதற்குக் காசு செலவழிக்கலாம்.

வீணைக்குக் குடம், விசிறிக்கு மூடி

நல்ல விசிறியை வாங்கிவிட்டால் போதுமா? போதாது. பொருத்துவதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

வீணைத் தந்தியைத் தனியே கட்டி மீட்டினால், சத்தம் மெதுவாகத்தான் கேட்கும். குடம் சேர்ந்ததும் நாதம் பெருகுகிறது. தந்தியின் அதிர்வைக் குடம் வாங்கிக்கொண்டு, பெரிதாக்கித் தருகிறது.

மீன் தொட்டியின் மூடியும் மெல்லிய பலகையோ பிளாஸ்டிக்கோதான். உள்ளே வெற்றிடம். விசிறியை அதில் இறுக்கித் திருகினால் மூடியே குடமாகிவிடும்! விசிறி லேசாக அதிர்ந்தால், மூடி முழுவதும் "ம்ம்ம்..." என்று பாடும். பாட்டிக்கு அந்தக் கச்சேரி வேண்டாம் அல்லவா?

வழி எளிது. விசிறிக்கும் மூடிக்கும் நடுவே ரப்பர் வையுங்கள். பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி, நான்கு திருகாணிக்கும் கீழே வைத்தால் போதும். திருகாணியை ரொம்ப இறுக்கவேண்டாம்.

இன்னொரு தப்பையும் பலர் செய்கிறார்கள். மூடியில் பொடிப் பொடியாக நிறையத் துளை போட்டு, அதன்மேல் விசிறியை வைக்கிறார்கள். சின்னத் துளை வழியாகக் காற்று நெருக்கிப் போகும்போது, விசில் அடிக்கும். விசிறியின் அளவுக்கு ஒரே வட்டமாக வெட்டி, அதில் அகலமான கம்பி வலை வைப்பதே சரி. வலை குழந்தைகளின் விரலையும் காக்கும். துள்ளும் மீனையும் காக்கும்.

முன்வாசலும் பின்வாசலும்

மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பக்கம் உள்ள பழைய வீடுகளில், முன்வாசலில் நின்றால் நேரே பின்வாசல் தெரியும். ஏன் அப்படிக் கட்டினார்கள்? முன்னே வந்த காற்று பின்னே போகத்தான்.

தொட்டியின் மூடிக்கும் இரண்டு வாசல் வேண்டும். ஒரு முனையில் விசிறி. மறு முனையில் காற்று வெளியேறத் திறப்பு. ஒரு வாசல் மட்டும் வைத்தால், ஈரக் காற்று உள்ளேயே சுற்றும்.

விசிறி வெளிக் காற்றை உள்ளே ஊதும்படி வையுங்கள். உள்காற்றை வெளியே இழுக்கும்படி வைத்தால், ஈரம் எல்லாம் விசிறி வழியாகத்தான் போகும். கடல் தண்ணீர்த் தொட்டியானால், உப்பு ஈரம் சீக்கிரமே துருப்பிடிக்க வைத்துவிடும்.

விசிறியைத் தண்ணீரின் மேல் சற்றுச் சாய்வாக வைத்தால், காற்று தண்ணீரைத் தடவிக்கொண்டு போகும். அதுவே சிறந்தது.

நீளமான தொட்டிக்கு இரண்டு விசிறி வைக்கலாம். இரண்டும் ஒரே மாதிரியானவையாக இருக்கட்டும். வேகம் கொஞ்சம் மாறினால், இரண்டு சத்தமும் கலந்து "உம்... உம்..." என்று அலை அலையாகக் கேட்கும்.

மின்சாரத்தோடு விளையாட்டு வேண்டாம்

தண்ணீரும் மின்சாரமும் ஜென்மப் பகை. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதில் நேரடியாக ஓடும் விசிறியைத் தண்ணீர்மேல் வைக்கக்கூடாது. 12 வோல்ட் விசிறிதான் வைக்கவேண்டும். அதற்கு ஒரு அடாப்டர் வேண்டும். அதைத் தொட்டியின் மூடிமேல் வைக்காமல், தள்ளி வையுங்கள்.

விசிறியிலிருந்து வரும் கம்பி நேரே பிளக்குக்குப் போகக்கூடாது. தூளிபோல் கீழே தொங்கி, பிறகு மேலே ஏறிப் போகவேண்டும். கம்பி வழியாகத் தண்ணீர் வழிந்தாலும், தூளியின் அடியில் சொட்டிவிடும். பிளக்குக்குள் போகாது.

தொட்டிக்குள் கை விடும் முன்பு, எல்லா சுவிட்சையும் அணைப்பது நல்ல பழக்கம்.

வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய அடாப்டர் கிடைக்கிறது. அதில் 12 வோல்ட் விசிறியை 9 வோல்ட்டிலோ 7 வோல்ட்டிலோ ஓடவிடலாம். வேகம் குறையும், சத்தமும் அடங்கும். அதற்கும் கீழே போனால் சில விசிறிகள் கிளம்பாமல் நின்றுவிடும். கவனம்.

"ராத்திரி பகலாக ஓடினால் கரண்ட் பில் எகிறாதா?" என்று கேட்கலாம். இந்த விசிறிக்கு ஏறக்குறைய 2 வாட் மின்சாரம்தான் ஆகும். மாதம் முழுவதும் நிற்காமல் ஓடினாலும் ஒன்றரை யூனிட்!

உப்பளம் சொல்லும் பாடம்

விசிறி வைத்த வீட்டில் இன்னொரு வேலையும் உண்டு. தொட்டியில் தண்ணீர் நாளுக்கு நாள் குறையும். 100 லிட்டர்த் தொட்டியில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர், சில நாள் அதற்கு மேலும் குறையும். தொட்டி ஓட்டை என்று பயப்படவேண்டாம். குளிர்ச்சிக்குக் கொடுக்கும் விலை அது.

குறைந்த தண்ணீரை எதை ஊற்றி நிரப்புவது?

மரக்காணம் உப்பளத்தை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் மட்டும் ஆவியாகிறது. உப்பு தங்கிவிடுகிறது. தொட்டியிலும் அப்படித்தான். உப்புச் சத்துள்ள போர் தண்ணீரையே தினமும் ஊற்றிவந்தால், தொட்டி ஒரு குட்டி உப்பளமாகிவிடும்! சேமித்த மழைத் தண்ணீரோ, ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றி நிரப்புவது நல்லது.

குழாய்த் தண்ணீரானால் அதில் குளோரின் இருக்கும். வாளியில் ஒரு நாள் திறந்து வைத்திருந்து ஊற்றுங்கள். அவசரமானால், மீன் கடையில் விற்கும் குளோரின் முறிக்கும் சொட்டு மருந்தைப் பயன்படுத்தலாம்.

சிலர் தண்ணீர் சுடுகிறதே என்று ஐஸ் கட்டியைத் தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். சூடு திடீரென்று இறங்கினால், மீனுக்கு அதுவே நஞ்சு. மிகவும் அவசரமானால், ஐஸை மூடிய பாட்டிலில் அடைத்து மிதக்கவிடுங்கள். மணிக்கு ஒரு டிகிரிக்குமேல் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொட்டியை மேற்கு வெயில் படும் சுவரோரம் வைக்கக்கூடாது. உள்ளே பழைய டியூப் லைட் இருந்தால், எல்.இ.டி. விளக்காக மாற்றுங்கள். விளக்கால் வரும் சூடு அங்கேயே குறைந்துவிடும்.

மாதம் ஒருமுறை விசிறியைத் துடையுங்கள். இறக்கையில் தூசு படிந்தால் எடை ஒரு பக்கம் சாயும். அப்போது நல்ல விசிறியும் ஆடும், முனகும்.

பாட்டியின் தீர்ப்பு

மறுபடி அந்த மயிலாப்பூர் வீட்டுக்குப் போவோம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருந்து நிதானமாக யோசித்தார். ரிச்சி தெருவில் பல கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை. ஆகவே திங்கள் மாலை ஆபீஸ் விட்டதும் பையனைக் கூட்டிக்கொண்டு போனார்.

புறப்படும்போது பாட்டி ஒரு நிபந்தனை போட்டார். "சத்தம் கேட்டா பிடுங்கி வாசல்லே எறிஞ்சிடுவேன், ஆமாம்!"

அப்பாவும் பையனும் விசிறிகளைக் காதில் வைத்து வைத்துக் கேட்டார்கள். கவிழ்த்துப் பார்த்தார்கள். 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை வாங்கினார்கள். பழைய சைக்கிள் டியூபை வெட்டி, ரப்பர் வைத்துப் பொருத்தினார்கள். 9 வோல்ட்டில் ஓடவிட்டார்கள்.

இரவு பத்து மணி. விளக்கு அணைந்தது. கூடத்தில் அமைதி.

கொஞ்ச நேரம் கழித்துப் பாட்டியின் குரல் கேட்டது.

"டேய் கண்ணா! விசிறியைப் போட மறந்துட்டியா? மீன் பாவம்டா!"

"ஓடுது பாட்டி."

பாட்டிக்கு நம்பிக்கை வரவில்லை. எழுந்து போய், மூடியின் மறு முனையில் கையை வைத்துப் பார்த்தார். மெல்லிய ஈரக் காற்று விரல்களைத் தொட்டது.

"ஓடட்டும், ஓடட்டும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

விடியற்காலையில் முதலில் எழுந்தவர் பாட்டிதான். நேரே தொட்டிக்குப் போய்ப் பார்த்தார். மேலே மிதந்து வாயைத் திறப்பவை ஒன்றும் இல்லை. மோலிகள் செடி நடுவே ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன.

அக்கினி நட்சத்திரம் ஆண்டுதோறும் வரும். தொட்டிக்கு விசிறி வாங்கப் போகிறவர்கள் மூன்று சொற்களை நினைவில் வைத்தால் போதும்:

பெரியது. மெதுவானது. ரப்பர்!